ஆட்டோவில் போன குரல்

எங்கள் பக்கத்தில் புயல் எச்சரிக்கை வெங்காய ஆட்டோவில்தான் வரும். கூரைமேல் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ வேறு யாரிடமும் இல்லை. மற்ற நாட்களில் அனுமந்தை வரைக்கும் போய் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்கிற அண்ணன், கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்தால் மூட்டைகளை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வி.ஏ.ஓ. சொல்கிற தெருக்களுக்குக் கிளம்பிவிடுவார். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் பெண்கள் ஆணியில் மாட்டியிருக்கும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"கிலோ எவ்ளோண்ணே?"

"புயல் வருதுக்கா. துணிமணி எடுத்துக்கினு ஷெல்டருக்குக் கெளம்புங்க."

"அது கெடக்கட்டும். வெங்காயம் இல்லியா?"

நான் இந்த ஊர்க்காரி இல்லை. பெருமுக்கல் மலை தெரிகிற ஒரு கிராமத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற வீட்டில் பிறந்தவள். திண்டிவனத்தில் பி.காம். முடித்தேன். என் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறார். லோடு கிடைக்கிற இடத்தில் இருப்பதுதான் வசதி என்று மரக்காணம் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அவர் உப்பு ஏற்றிக்கொண்டு கர்நாடகா பக்கம் போனால் திரும்பி வர நாளாகும். வீட்டில் நானும் பால்வாடிக்குப் போகிற வயதில் என் மகளும். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெயில் காலத்தில் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். மழைக்காலத்தில் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகி, பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் வரிசையாகக் குந்தியிருக்கும். எதிர்வீட்டு அக்காவைத் தவிர எனக்கு அங்கே யாரையும் சரியாகத் தெரியாது.

எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன், நாலடி நடந்ததும் இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வந்துவிடும். "நீ இழுக்கிற இழுப்புல பூட்டே ஒருநாள் கையோட வந்துடும்" என்பார் வீட்டுக்காரர். இப்படிப்பட்ட நான் மீட்புப் பணிக்குப் பெயர் கொடுத்தேன் என்றால் என் அம்மாவே நம்பவில்லை.

மகளிர் குழுக் கூட்டத்தில் ஆரம்பித்தது அது. குழுவுக்கு ஒருத்தர் தன்னார்வலராகப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலைவி கேட்டதும் எல்லோரும் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதான் படிச்சிருக்க. போயேன். வூட்ல சும்மாதான இருக்க?"

முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. ராத்திரி காற்று ஊதும்போதெல்லாம், இப்போது ஏதாவது ஆனால் நான் யாரைக் கூப்பிடுவேன் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். கூப்பிட ஆள் இல்லாதவள், மற்றவர்கள் கூப்பிடுகிற ஆளாக மாறிவிட்டால் இந்தப் பயம் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அது சரியான கணக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். கயிற்றில் முடிச்சு போட, மயங்கி விழுந்தவரைப் புரட்டிப் படுக்கவைக்க, ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்த. எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று நான் மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பயிற்சி கொடுத்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், பொம்மை எப்பவோ பொழச்சிடுச்சு. எழுந்திரிங்க, அடுத்தவங்க வரட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் மீனவக் குப்பத்துப் பையன்கள், ஒருவரையொருவர் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் ஒதுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கடைசியில் ஆரஞ்சு சட்டை, ஹெல்மெட், விசில் எல்லாம் கொடுத்தார்கள். சட்டை முட்டிவரை தொங்கியது.

மழைக்காலம் ஆரம்பித்ததும் வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அதுவரை எச்சரிக்கையைத் தலையாரி பேசிப் பதிவு செய்வார். அவர் குரலும் வெங்காயம் விற்கிற அண்ணன் குரலும் ஒரே மாதிரி கட்டைக் குரல். அதனால்தான் பெண்கள் பையோடு வருகிறார்கள், ஒரு பெண் குரலில் போட்டுப் பார்க்கலாம் என்று வி.ஏ.ஓ. நினைத்திருக்கிறார். தாளில் எழுதியிருந்ததை நான் ஆட்டோ அண்ணனுடைய போனில் படித்தேன். "கடலோரப் பகுதியில் வசிக்கும் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு."

போட்டுக் கேட்டுவிட்டு ஆட்டோ அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி இருக்குது. இதுக்கு எவன் கெளம்புவான்?"

"வேற எப்படிண்ணே படிக்கிறது?"

"படிக்காத. கூப்புடு. உம் பொண்ண வெளையாடற எடத்துலேருந்து எப்படி கூப்புடுவ? அப்படிக் கூப்புடு."

வி.ஏ.ஓ.வும் தலையாட்டினார். தாளைக் கீழே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மகள் தெருமுனையில் நிற்கிறாள், வானம் கறுத்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். "வாங்கம்மா, சீக்கிரம் வாங்க. காத்து வருது. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வாங்க. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். வாங்கம்மா." ஷெல்டர் எங்கே இருக்கிறது, என்ன எடுத்துவர வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னேன். ஆட்டோ அண்ணன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும்.

புயல் சின்னம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொன்ன அன்று காலையிலேயே கிளம்பினேன். மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டேன். அவர் உப்பள வேலைக்குப் போகிறவர். மழைக்காலத்தில் வேலை இல்லாததால் வீட்டில் தையல் மெஷினில் ஜாக்கெட் தைப்பார். கட்டட வீடு, மேடான இடம், அங்கிருந்து யாரும் கிளம்ப வேண்டியதில்லை. என் மகளுக்கும் அங்கே இருக்கப் பிடிக்கும். வெட்டுத்துணிகளை அடுக்கி விளையாடுவாள். வெங்காய ஆட்டோ வந்தால் ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அக்காவுக்கு வெங்காயம் வாங்குவது அவள் வேலை. அதில் அவளுக்குப் பெரிய கர்வம்.

"கதவ சாத்தியே வச்சிருங்கக்கா."

"எத்தன வாட்டிடி சொல்லுவ? நாலு புள்ள பெத்தவ நானு. போ, போய் ஊரக் காப்பாத்து."

போனேன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கேஸை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி போனேன்.

ஷெல்டரில் எனக்குக் கொடுத்த வேலை வருகிறவர்களுக்குப் பாய் போட்டு உட்காரவைப்பது, குழந்தைகளுக்குப் பாலும் பிரெட்டும் கொடுப்பது. காற்று ஏற ஏற ஆட்கள் வந்தார்கள். வெளியே ரோட்டில் என் குரல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வரும்போது தெளிவாக, தூரப் போனதும் காற்றில் பிய்ந்து பிய்ந்து. "வாங்கம்மா... இங்கதான் இருக்கேன்..." தன் குரலை வெளியே நின்று கேட்பது ஒரு மாதிரி. அது என்னைவிடத் தைரியமான யாரோ ஒருத்தியுடையது போல இருந்தது. அவளை எல்லோருக்கும் தெரியும், அவள் கூப்பிட்டால் வருகிறார்கள். உள்ளே பாய் போடுகிற என்னிடம் அவர்கள், "ஏம்மா, ஃபேன் போட மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். உப்பளத்து ஓரக் குடிசையில் இருக்கிற வயதான அம்மா ஒருவர், எந்தப் புயலுக்கும் வராதவராம், அன்று ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். "யாரோ பெத்த பொண்ணு இவ்ளோ கூப்புடுதே, போவலன்னா வருத்தப்படுமேன்னு வந்தேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொண்ணு நான்தான் என்று சொல்லவில்லை. ஆட்டை உள்ளே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் போன் வந்தது.

"பாப்பா அங்க வந்துச்சாடி?"

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"பின்னாடி கோழிக் கூண்டு பறக்குதுன்னு ஓடினேன். கண்ண மூடித் தொறக்கல. வந்து பாத்தா கதவு தொறந்து கெடக்குது. தெரு ஃபுல்லா பாத்துட்டேன். எம்மா, நீ வந்து இட்டுனு போயிருப்பியோன்னு..."

அவர் அழ ஆரம்பித்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "என்ன எடுத்துட்டுப் போனா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது. அக்கா போனோடு உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆணியில பையக் காணோம்."

ஆட்டோ. அதற்குள்ளிருந்து நான்.

ஆட்டோ அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். ஆனால் அவர் குரல் வரவில்லை. என் குரல்தான் காதில் விழுந்தது. "வாங்கம்மா, சீக்கிரம் வாங்க." நான் "அண்ணே, அண்ணே" என்று கத்த, நானே எனக்கு, "பயப்படாதீங்க" என்று பதில் சொன்னேன். அவர் ஸ்பீக்கரை நிறுத்திய பிறகுதான் பேச முடிந்தது.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"உப்பளத்து ரோட்டுல, கால்வா பாலத்துக்கு இந்தாண்ட. ஏம்மா?"

"எம் பொண்ணு உங்க பின்னாடி வந்துட்டா போலருக்கு."

"ஐயோ. நான் பாக்கலியே தங்கச்சி. கண்ணாடில மழைதான் தெரியுது. ஆஃப் பண்ணிட்டேன், ஆஃப் பண்ணிட்டேன் இரு."

உப்பளத்து ரோடு என்றால் இரண்டு பக்கமும் வரப்பு, வரப்புக்கு அப்பால் வாய்க்கால், எல்லாம் நிரம்பியிருக்கும். உப்புக் குவியல்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பெரியவர்களுக்கே திசை குழம்பும். ஆட்டோ போய்க்கொண்டே இருந்தால் அவளும் உள்ளே போய்க்கொண்டே இருப்பாள். குரல் நின்றுவிட்டால், நடுவில் நின்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஏதாவது வரப்பில் இறங்குவாள். காணாமல் போனவர்களைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்தா? அவ்வளவு தூரம் திரும்பிப் போகவா? எதைச் செய்தாலும் அது தப்பாகப் போகும் என்று தோன்றியது. ஆனால் போனில் அவர் காத்திருந்தார்.

"ஆஃப் பண்ணாதீங்கண்ணே. போடுங்க. சத்தமாப் போடுங்க. ஆனா நகராதீங்க. அதே எடத்துல நில்லுங்க."

பால் பாக்கெட்டைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. விசிலை ஊதினேன். காற்று அதை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. பாப்பா, பாப்பா என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து வந்தது எனக்கே கேட்கவில்லை. முன்னால், தூரத்தில், அந்த இன்னொரு குரல் மட்டும் நிதானமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

ஆட்டோ ரோட்டோரமாக நின்றிருந்தது. அண்ணன் நனைந்துபோய் இறங்கி நின்றார்.

"நான் அந்தப் பக்கம் பாக்குறேன். நீ இந்தப் பக்கம் போ."

"நீங்க போங்கண்ணே. நான் இங்க நிக்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெற்றவள் தேடாமல் நிற்கிறாளே என்று நினைத்திருக்கலாம். நான் கூப்பிடுகிற இடத்தில் நான் இல்லாவிட்டால் அவள் வந்து என்ன பார்ப்பாள்? அதை விளக்கிச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அவர் வரப்பில் இறங்கிப் போய்விட்டார். நான் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றேன். "நான் இங்கதான் இருக்கேன்" என்று தலைக்குமேல் அது சொல்லிக்கொண்டே இருந்தது. அது ஒரு முறை முடிந்து அடுத்து ஆரம்பிக்கும் இடைவெளியில் மழை சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. ஓடி எந்தப் பக்கமாவது இறங்கிவிடலாம் என்று கால் துடித்தது. நின்றேன்.

ஓலை போட்ட ஒரு குவியலுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். பையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, வரப்பின் நடுவில், ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தால் பயந்து சறுக்கிவிடுவாளோ என்று நான் அசையவில்லை. ரோட்டில் ஏறினாள். நேராக என்னைப் பார்த்தாள். ஹெல்மெட்டும் முட்டிவரை ஆரஞ்சு சட்டையும் போட்ட யாரோ ஒரு ஆள். என்னைத் தாண்டிப் போய் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டில் யாரும் இல்லை. தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற என் விரல்களால் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். திமிறினாள். பிறகு முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"நீ கூப்ட்ட. நான் வந்தேன். நீ போய்க்கினே இருந்த."

அண்ணன் திரும்பி வந்து ஸ்பீக்கரை நிறுத்தினார். எங்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஷெல்டர்வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "பாலத்துக்கு அந்தாண்ட இன்னும் நாலு வூடு பாக்கி. போட்டுத்தான் ஆவணும் தங்கச்சி" என்றார், அனுமதி கேட்பது போல. தலையாட்டினேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், "எங்கம்மா போயிட்ட? பால் கேக்க ஒரு ஆளு இல்ல" என்றார். மகளை என் ஆரஞ்சு சட்டையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டே பால் ஊற்றினேன். சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். ஹூப்ளி பக்கம் எங்கோ ஒரு தாபாவில் நின்றிருந்தார். "டிவில மரக்காணம் மரக்காணம்னு காட்றான். எல்லாம் ஓகேவா?" என்றார். ஓகே என்றேன். "பாப்பா?" "மடியில தூங்குறா." அது உண்மைதான். மீதியை நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் வந்தபோது லாரியில் தார்ப்பாய் கிழிந்த கதையைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சொல்ல வாய்க்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா அன்று ஷெல்டருக்கே ஓடிவந்து என் மகளின் கால்களைத் தடவித் தடவி அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னை 'டி' போட்டுப் பேசுவதை விட்டுவிட்டார். "சாப்டீங்களா?" என்று கேட்கிறார். அந்தத் தெருவில் என்னை டி போட்டுப் பேச வேறு ஆள் இருந்ததில்லை.

மாதம் முடிவதற்குள் கடலில் இன்னொரு புயல் சின்னம் உருவானது. வி.ஏ.ஓ. கூப்பிட்டார்.

"புதுசா பேச வேணாம்மா. அதே வாய்ஸ் இருக்குது, அதயே போட்டுடறோம்."

"வேற யாராவது பேசலாமே சார்."

"ஏம்மா? தலையாரி பேசினா வெங்காயம்னு நிக்கிறாங்க. உன் வாய்ஸ்க்குதான அந்தக் குடிசைக் கெழவியே ஆட்டோட வந்துச்சு."

அந்த அம்மாவின் குடிசை அந்தப் புயலில் இல்லாமல் போயிருந்தது. அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தேன். என் மகள் ஒருத்திக்காக நிறுத்தலாமா? என் மகளுக்காகக்கூட நிறுத்தாவிட்டால் நான் என்ன அம்மா? போடுங்க சார் என்றேன்.

அன்று மத்தியானமே மகளுக்குப் பழக்க ஆரம்பித்தேன். அந்தப் பதிவை என் போனில் வாங்கி வைத்திருந்தேன். அவளை எதிரில் உட்காரவைத்துப் போட்டேன்.

"இது யாரு?"

"அம்மா."

"இல்ல. இது மைக்கு. அம்மா இங்க இருக்கேன் பாரு. என் வாய் பேசுதா?"

என் வாயை உற்றுப் பார்த்தாள். அடுத்த அறையில் போனை வைத்துப் போட்டேன், வாசலில் வைத்துப் போட்டேன். எழுந்து ஓடினால் பிடித்து உட்காரவைத்தேன். "மைக்கு கூப்ட்டா போகக்கூடாது. அம்மா மூஞ்சி தெரிஞ்சாதான் போகணும்." முதலில் அழுதாள். பிறகு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஆட்டோ தெருவுக்குள் வந்தபோது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். "வாங்கம்மா, சீக்கிரம் வாங்க" என்று வாசல்வரை வந்து அது கூப்பிட்டது. அவள் அக்கா கொடுத்த வெட்டுத்துணிகளை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மைக்கு" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. அந்தத் தடவை காற்று ஆந்திரா பக்கம் போய்விட்டது.

பிறகு ஒரு நாள், நல்ல வெயில். உப்பளத்தில் பாத்திகளை மிதித்துச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தார்கள். நான் பயிற்சிக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுக்கொண்டே, "பாப்பா, வாம்மா, அம்மா வந்துட்டேன்" என்று கூப்பிட்டேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மெஷின் நின்றது.

"உங்கம்மா கூப்புடுது பாரு" என்று அக்கா சொன்னது கேட்டது.

"அது மைக்கு" என்றாள் என் மகள்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கேட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய், அவள் முன்னால் உட்கார்ந்து, முகத்தைக் காட்டினேன்.